பால்வாடியை நம்பிக் குழந்தையை விடலாமா? கொங்கு நாட்டு அங்கன்வாடிகள் பற்றி ஒரு மதிப்பீடு

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். சோறு, முட்டை, சத்துமாவு, எடை பார்ப்பது, தடுப்பூசி என்றால் அங்கன்வாடியைத் தாராளமாக நம்பலாம். மூன்று வயது தாண்டிய பிள்ளைக்கு ஆட்டமும் பாட்டும் கதையும் வேண்டுமென்றால், அது அந்த மையத்து டீச்சர் கையில் இருக்கிறது. காலையில் விட்டுவிட்டு வேலை முடிந்து வந்து கூட்டிப்போக ஓர் இடம் தேடினால் இன்றைய அங்கன்வாடி அதற்கு ஆகாது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை காலை எட்டரைக்குத் தொடங்குகிறது. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் ராத்திரி எட்டு, எட்டரை ஆகிவிடும். மையமோ மாலை நாலு மணிக்குள் பூட்டிவிடுகிறது. நடுவில் உள்ள நாலு மணி நேரத்துக்கு அரசுப் பணம் இன்னும் வந்து சேரவில்லை.

பின்னணி சுருக்கமாக. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்தபோது பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சமைத்த சோறு கிடைத்தது. இன்றைக்கு மாநிலம் முழுக்க 54,439 மையங்கள். அட்டையில் என்ன பேர் எழுதினாலும் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கம் ஊர்க்காரர்களுக்கு அது பால்வாடிதான். ஊழியர் டீச்சர், உதவியாளர் ஆயா. சேருவதற்கு வருமானச் சான்று வேண்டாம், வறுமைக்கோட்டு அட்டை வேண்டாம், கட்டணம் கிடையாது. அந்த எல்லைக்குள் குடியிருக்கும் ஆறு வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தையையும் சேர்க்கலாம். ரேஷன் அட்டை வேறு ஊரில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் அது அவர்கள் தவறு.

சாப்பாடு

இதில்தான் தமிழ்நாடு மற்ற பல மாநிலங்களை விடப் பல படி மேலே நிற்கிறது. மத்திய அரசின் கணக்கில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய், கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைக்கு 12 ரூபாய், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9 ரூபாய் 50 பைசா. இதை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாகப் போட வேண்டும். அந்த 8 ரூபாயில் 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்பது விதி. நாமக்கல் பண்ணையிலேயே முட்டை ஐந்து ரூபாயைத் தாண்டும் மாதங்கள் உண்டு என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தத் தொகை எவ்வளவு இறுக்கமானது என்று புரியும். இங்கே தட்டு நிறைவதற்குக் காரணம் மாநிலம் தன் பங்குக்கு மேலே போடுவதுதான்.

இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கு அளவு இது: அரிசி 80 கிராம், பருப்பு 10 கிராம், எண்ணெய் 2 கிராம். திங்கள் தக்காளி சாதமும் முட்டையும், செவ்வாய் கலவை சாதத்தோடு கொண்டைக்கடலை அல்லது பச்சைப்பயறு, புதன் காய்கறிப் புலாவும் முட்டையும், வியாழன் எலுமிச்சை சாதமும் முட்டையும், வெள்ளி பருப்புச் சாதத்தோடு உருளைக்கிழங்கு. வாரம் மூன்று முட்டை. அரிசியும் பருப்பும் எண்ணெயும் சேர்ந்து 330 கலோரி சுமார் வரும். மீதியைச் சத்துமாவும் முட்டையும் ஈடுகட்டுகின்றன. மாவைக் கொடுக்காமல் சோறு மட்டும் போட்டு அனுப்பினால் 500-ஐ எட்டாது. அதனால் "மத்தியானம் சோறு போட்டாச்சுங்க" என்பது முழுப் பதில் இல்லை, மாவும் கொடுத்தாச்சா என்று கேட்க வேண்டும்.

அளவு சரியா என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு எளிய கணக்கு உண்டு. இருபது பிள்ளைகள் வந்த நாளில் உலையில் 1 கிலோ 600 கிராம் அரிசி, 200 கிராம் பருப்பு, 40 கிராம் எண்ணெய் போக வேண்டும். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்க, வருகையில் இருபது ஏறியிருந்தால் மீதி அரிசி எங்கே போகிறது என்ற கேள்வி தானாக எழும். ஆனால் குறை எப்போதும் திருட்டால் வருவதில்லை. பருப்பு வரத்து ஒரு வாரம் தள்ளிப்போகும். காய்க்கும் தாளிப்புக்கும் கொடுக்கும் சில்லறை, சந்தை விலையோடு ஓடி ஜெயிக்காது. தக்காளி கிலோ நூறு ரூபாய்க்குப் போன மாதத்தில் தக்காளி சாதம் மஞ்சள் சாதமாகிவிடும். கேஸ் சிலிண்டர் தாமதமானால் ஆயா விறகுக்குப் போவார். இந்த நாட்களில் சோறு இருக்கும், தரம் இருக்காது.

முட்டை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் முட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் மையத்துக்கு வந்து நாலைந்து நாள் வெயிலில் தகரக்கூரைக்குக் கீழே இருந்தால் எந்த முட்டையும் பழசாகும். தண்ணீரில் போட்டால் படுத்துக்கொள்வது புதுசு, நிமிர்ந்து நிற்பது பழசு, மிதப்பதை எடுத்து எறிய வேண்டும். நல்ல ஆயா முட்டையை முழுசாகக் கையில் கொடுத்துவிட்டு நகர மாட்டார். இரண்டு, இரண்டரை வயசுக் குழந்தைக்கு மஞ்சள் கரு தொண்டையில் ஒட்டும், துப்பிவிடும். அதைச் சோற்றில் மசித்துப் பிசைந்து ஊட்டுவார். தட்டில் மஞ்சள் கரு அப்படியே கிடந்தால் அந்த மையத்தில் புரதம் குப்பைக்குப் போகிறது என்று எழுதிக்கொள்ளலாம்.

சத்துமாவு

கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலை, வெல்லம், கூடவே வைட்டமின், தாது உப்புக் கலவை. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை நாளுக்கு 125 கிராம், அதற்கு மேல் 50 கிராம், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 165 கிராம். இலவசப் பொருள் என்று பலரும் அலட்சியமாகப் பார்ப்பது இதைத்தான். மாட்டுக்குக் கரைத்து ஊற்றுகிற வீடுகளும் இருக்கின்றன. அது வீண். முளைகட்டிய கேழ்வரகில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. அதனால் கூழ் இளகுகிறது. சாதாரண மாவில் குழந்தை விழுங்கும் பதத்துக்குக் கரைத்தால் பாதிக் கிண்ணம் வெறும் தண்ணீர்தான். இதில் அதே பதத்துக்கு இன்னும் கொஞ்சம் மாவு சேர்க்கலாம். சின்ன வயிற்றில் அதிகச் சத்து இறங்கும்.

காய்ச்சும் முறை தெரியாமல்தான் பாதிப் பேர் கைவிடுகிறார்கள். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும், வெளியே வெந்து உள்ளே பச்சை மாவாக நிற்கும். முதலில் ஆறிய தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அப்புறம் அடுப்பில் வைத்துக் கைவிடாமல் கிளறிக் கொதிக்கவிட வேண்டும். வெல்லம் ஏற்கெனவே இருப்பதால் அடிப்பிடிக்கும், தீ சின்னதாக இருக்கட்டும். இறக்கிய பிறகு அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெயோ நெய்யோ விட்டால் கலோரி கூடும். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் எண்ணெய்க்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 125 கிராமையும் ஒரே வேளையில் எந்தக் குழந்தையும் சாப்பிடாது. மூன்று வேளையாகப் பிரிக்க வேண்டும். ஒன்றரை வயதுக்கு மேல் உருண்டை பிடித்துக் கொடுக்கலாம்.

பாக்கெட் வாங்கும்போது தேதியைப் பாருங்கள். பிரித்தவுடன் சிக்கு வாடை அடித்தாலோ வண்டு ஓடினாலோ அங்கேயே திருப்பிக் கொடுத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு சொன்னால் கேட்பாரில்லை.

எடையும் உயரமும்

மாதம் ஒருமுறை எடை. இங்கே நடக்கும் தப்பு வெளியில் தெரியாது, ஆனால் விளைவு பெரியது. தராசைக் காலிப் பையோடு பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே குழந்தையைப் போட வேண்டும். டயப்பர், செருப்பு, கனத்த கொலுசு கழற்றியிருக்க வேண்டும். ஈர டயப்பர் ஒன்று போதும், மெலிந்த குழந்தை தேறியதாகக் கணக்கில் ஏறும்.

உயரம்தான் அதைவிடச் சிக்கல். இரண்டு வயதுக்குக் கீழே படுக்க வைத்து அளக்க வேண்டும், மேலே நிற்க வைத்து. படுக்க வைத்து அளக்க இரண்டு பேர் தேவை. ஒருவர் தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் முழங்காலை மெதுவாக அழுத்தி நீட்டி உள்ளங்காலில் சறுக்குப் பலகையை வைக்க வேண்டும். ஆயா அடுப்படியில் இருக்க, டீச்சர் தனியாக அளந்தால் குழந்தை காலை மடக்கும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைந்து விழும். உயரம் குறைந்தால் அதே எடைக்குக் குழந்தை பூசினாற்போலக் கணக்கு காட்டும். ஆக, மெலிவு மறைந்துவிடும், குட்டை என்று மட்டும் பதிவாகும். இரண்டு வயது தாண்டிய பிள்ளையைப் படுக்க வைத்து அளந்தால் நிற்பதைவிட 0.7 சென்டிமீட்டர் கூடுதலாக வரும், அதைக் கழிக்க வேண்டும். டீச்சர் விவரம் ஏற்றும் செல்போன் செயலியில் பிறந்த தேதி தப்பாக ஏறியிருந்தால் இவ்வளவு கவனமும் பாழ். பிறப்புச் சான்றிதழைக் காட்டித் தேதியைச் சரிபார்த்துவிடுவது ஐந்து நிமிட வேலை.

சந்தேகம் வந்தால் கைச்சுற்றளவு நாடா இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரைக்கும் பொருந்தும். இடது கையை மடக்கித் தோள்முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் புள்ளி வைத்து, பிறகு கையைத் தளரத் தொங்கவிட்டுச் சுற்ற வேண்டும். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, உடனே மருத்துவர். 11.5-க்கும் 12.5-க்கும் நடுவே மஞ்சள். 2022-இல் தொடங்கி 2024 நவம்பரில் இரண்டாம் கட்டத்துக்கு வந்த 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தனிக் கவனிப்பு உண்டு. பதிவானால்தான் அது கிடைக்கும். எடை குறைந்தால் பெயர் கெட்டுவிடுமோ என்று தாய்மாரும் மேலதிகாரி கேட்பாரோ என்று டீச்சரும் கிராமைக் கூட்டி எழுதுவது யாருக்கும் உதவாது.

தடுப்பூசி, ஆறு மாதத்துக்கொருமுறை வைட்டமின் ஏ, குடற்புழு மாத்திரை எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. குடற்புழு மாத்திரை ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை பாதி, அதற்கு மேல் முழுசு, பொடித்துக் கொடுக்க வேண்டும். நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை மையத்துக்கு வரும். காது, கண், பேச்சு, இதயக் குறை எதுவாக இருந்தாலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். அந்த நாளில் லீவு போட்டாவது பிள்ளையை அனுப்புவது லாபம்.

படிப்பு என்று சொல்லப்படுவது

'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று தமிழ்நாட்டுக்கென்றே ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. தாளில் நன்றாகவே இருக்கிறது. மாதத்துக்கொரு பொருள், பாட்டு, கதை, மணி கோப்பது, வண்ணம் பிரிப்பது. இந்த வயதுக்கு அதுதான் சரி. ஆனால் பெற்றோர் கேட்பது ஏபிசிடி எழுத வருமா என்று. வராது என்றதும் மூன்று வயது முடிந்த கையோடு தனியார் எல்கேஜிக்குப் போய்விடுகிறார்கள். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் அரசே எல்கேஜி, யுகேஜி தொடங்கியது இந்த ஓட்டத்தை நிறுத்தத்தான். அப்படிப்பட்ட மையம் பக்கத்தில் இருந்தால் மூன்று வயதுப் பிள்ளைக்கு அதுவே முதல் தேர்வு.

மற்ற மையங்களில் என்ன நடக்கிறது என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தால் தெரியாது. பதினொரு மணிக்குப் போங்கள். விளையாட்டுச் சாமான் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளைகள் எட்டும் உயரத்தில், விளிம்பு தேய்ந்து, ஒன்றிரண்டு துண்டு காணாமல் இருந்தால் நல்ல மையம். பீரோவுக்கு மேலே பாலிதீன் உறை பிரிக்காமல் புத்தம்புதிதாக இருந்தால் அது ஆய்வுக்கு வருகிறவர் பார்ப்பதற்காக வைத்தது. உடைந்தால் யார் கணக்குச் சொல்வது என்ற பயம், அதற்கு டீச்சரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அவர் காலைப்பொழுது எப்படிப் போகிறது என்று கவனித்தால் புரியும். வருகையைப் போனில் ஏற்ற வேண்டும், படம் எடுக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகும் மாவுக்கு வந்த தாய்மாரின் முகத்தைச் செயலியில் பதிய வேண்டும், கர்ப்பிணி வீட்டுக்குப் போக வேண்டும், கூட்டத்துக்குப் போக வேண்டும். பக்கத்து மையத்தில் ஆள் இல்லையென்றால் அதற்கும் இன்சார்ஜ். 2025-இல் மாநில அரசு 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்புவதாக அறிவித்தது. எவ்வளவு காலியாகக் கிடந்தது என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. இன்சார்ஜ் டீச்சர் உள்ள மையத்தில் முன்பருவக் கல்வி என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆயா சமைத்துப் போட்டு, பாதுகாத்து அனுப்புவார், அவ்வளவுதான்.

சம்பளத்தையும் பார்த்துவிடலாம். மத்திய அரசு டீச்சருக்கு வைத்திருக்கும் மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. 2018 அக்டோபரில் உயர்த்தியது. அதிலும் மத்தியப் பங்கு 60 சதவீதம்தான். தமிழ்நாடு சிறப்புக் காலமுறை ஊதியம் கொடுக்கிறது, டீச்சருக்கு 7,700-இல் தொடங்கும் அட்டவணை, அகவிலைப்படி தனி. ஆக, நம் ஊர் மையம் ஓடுவது பெரும்பாலும் மாநிலப் பணத்தில்.

கட்டடம்

கிராமத்தில் பரவாயில்லை. பெருந்துறை, கோபி, பல்லடம் சுற்றுப்பட்ட ஊர்களில் சொந்தக் கட்டடம், முன்னால் கொஞ்சம் இடம் என்று பல மையங்கள் நன்றாகவே இருக்கின்றன. புதுக் கட்டடத்துக்கு 12 லட்சம், கழிப்பறைக்கு 36,000, குடிநீருக்கு 17,000 என்று ஒதுக்கீட்டு அளவு உண்டு. தேர்ந்தெடுத்த மையங்களை மேம்படுத்த ஒரு லட்சம் ரூபாய் தருகிறார்கள், அதில் பெரிய டிவி, சுத்திகரிப்புக் கருவி, காய்கறித் தோட்டம்.

திருப்பூர் நகருக்குள் கதை வேறு. வாடகை ஒரு அறை, மேலே சிமென்ட் ஷீட், கழிப்பறை வீட்டுக்காரருடையது. அரசு தரும் வாடகைக்கு லைன் வீட்டில் ஒரு அறை கிடைத்தாலே பெரிது. ஏப்ரல், மே வெயிலில் மத்தியானம் அங்கே பிள்ளை தூங்காது. கழிப்பறை இல்லாத மையத்துக்கு இரண்டு வயதுப் பிள்ளையை அனுப்புவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். இருக்கிறது என்று சொன்னால் கதவைத் திறந்து பாருங்கள். சாக்கும் துடைப்பமும் உள்ளே அடுக்கியிருந்தால் அது பொருள் வைக்கும் அறை.

பணம் பொருளாக வரும் இடத்தில் இந்தத் திட்டம் நன்றாக வேலை செய்கிறது. அரிசி வருகிறது, முட்டை வருகிறது, தராசு வருகிறது, டிவிகூட வருகிறது. ஆளாகவும் நேரமாகவும் மாற வேண்டிய இடத்தில்தான் நின்றுவிடுகிறது.

நாலு மணிக்கு மேல்

இதற்கென்றே 'பால்னா' என்ற திட்டம் 2022 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் 17,000 திறப்பது நாடு முழுமைக்குமான இலக்கு. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம், 25 குழந்தைக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். பணம் 60-க்கு 40 என்று மத்திய, மாநில அரசுகள். தனிக் காப்பகத்தில் பணியாளருக்கு 6,500 ரூபாய், உதவியாளருக்கு 3,250. வகுத்துப் பார்த்தால் பணியாளருக்கு மணிக்கு 33 ரூபாய் சொச்சம், உதவியாளருக்கு 17-க்கும் கீழே. பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நிற்கிற பெண்ணுக்கு இதைவிட அதிகம் கிடைக்கும்போது தேர்ந்த ஆள் எப்படி வருவார்?

இரண்டாவது குறை ஆள் கணக்கு. இதே மத்திய அரசு 2018-இல் வேலையிடக் காப்பகங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில் மூன்று வயதுக்குக் கீழே பத்துக் குழந்தைக்கு ஒருவர், அதற்கு மேல் இருபதுக்கு ஒருவர், குழந்தைக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர அடி, எட்டு முதல் பத்து மணி நேரம் என்று சொல்லியிருக்கிறார்கள். தான் பணம் போடும் இடத்தில் அதைக் கடைப்பிடிக்கவில்லை. கைக்குழந்தை எட்டுப் பேர் இருக்கும் அறையில் ஒருவர் பால் கரைக்க, ஒருவர் துணி மாற்ற, மற்ற பதினேழு பேரை யார் பார்ப்பது? மூன்றாவது, ஏழரை மணி நேரம். காலை ஒன்பதுக்குத் திறந்தால் நாலரைக்கு மூடிவிடும். தறிக்கூடத்துக்கோ கம்பெனிக்கோ அது போதாது. உங்கள் பகுதியில் இப்படியொரு காப்பகம் இருந்தால் அரசு ஊழியருக்கும் ஒரு ஷிப்ட் வேலைக்கும் பொருந்தும், ஒன்றரை ஷிப்டுக்குப் பொருந்தாது.

கம்பெனியே காப்பகம் வைக்க வேண்டும் என்ற சட்டம் பழசு. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது. 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 50 பேர் வேலை செய்யும் எந்த நிறுவனத்துக்கும் அதைக் கட்டாயமாக்கி, இடைவேளையையும் சேர்த்துத் தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்க உரிமை கொடுத்தது. ஏற்றுமதி செய்யும் பெரிய கம்பெனிகளில் அறை இருக்கும், வெளிநாட்டு ஆடிட் வரும் என்பதால் சுவரில் படமும் இருக்கும். பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் சின்ன பவர்டேபிள் யூனிட்டுகளில் ஆள் கணக்கு அந்த எண்ணுக்குக் கீழேயே நிற்கும், சோமனூர், பல்லடம் தறிக்கூடங்களிலும் அப்படியே. அங்கே சேலைத் தொட்டில்தான் காப்பகம், தறிச் சத்தத்திலும் பஞ்சுத் தூசியிலும்.

கம்பெனிக் காப்பகத்தில் பார்க்க வேண்டியவை: தரைத்தளமா, பாய்லருக்கும் சாய வாடைக்கும் தள்ளி இருக்கிறதா, கைகழுவத் தண்ணீர் குழாயில் வருகிறதா, தூங்கும் இடமும் சாப்பிடும் இடமும் வேறா, ஆயா வேறு வேலைக்கு, நூல் வெட்டவோ பீஸ் அடுக்கவோ, கூப்பிடப்படுகிறாரா. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்து மற்றதை ஊகிக்கலாம். தாய்ப்பால் கொடுக்கப் போகும் நேரத்தை பீஸ் ரேட்டில், அதாவது பீஸ் கணக்கில் தரும் கூலியில், பிடிப்பார்களா என்பதையும் வேலைக்குச் சேரும் அன்றே கேட்டுவிடுவது நல்லது.

வெளியூர்க் குடும்பங்களுக்கு

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்களும், தருமபுரி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் பலர் பால்வாடிக்குப் பதிவே செய்வதில்லை. பதிவுக்குத் தாயின் ஆதார் போதும், குழந்தைக்கு ஆதார் கட்டாயமில்லை. சொந்த ஊர் மையத்தில் ஏற்கெனவே பேர் இருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும், செயலியில் இங்கே மாற்றிக்கொள்ளலாம். சொல்லாமல் புதிதாகப் பதிந்தால் இரட்டைப் பதிவு என்று தடுக்கும்.

2025 ஜூலை 1 முதல் வீட்டுக்குக் கொண்டுபோகும் மாவுக்கு முகப் பதிவு கட்டாயம். இங்கே அடிக்கடி மாட்டுவது முகமல்ல, போன் எண். ஓடிபி ஆதாரோடு இணைத்த எண்ணுக்குப் போகும். அந்த சிம் கணவரிடமோ, எப்போதோ ரீசார்ஜ் நின்று செத்துப்போயோ இருக்கும். தபால் நிலையத்திலோ ஆதார் மையத்திலோ எண்ணை மாற்றிவிட்டு மையத்துக்குப் போனால் ஒரே தடவையில் முடியும். மாவு வாங்கும் நாளில் தாயே வர வேண்டியிருப்பதால், கம்பெனியில் அரைநாள் போகாதபடி மதிய இடைவேளையிலோ சம்பள மறுநாள் லீவிலோ வாங்கிக்கொள்ள முடியுமா என்று டீச்சரிடம் முன்கூட்டிப் பேசி வையுங்கள். பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

குறை இருந்தால் முதலில் டீச்சரிடம், அடுத்து வட்டார மேற்பார்வையாளர், அதற்கு மேல் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். இவர்கள் பேரும் போன் எண்ணும் மையச் சுவரில் எழுதியிருக்க வேண்டும். நகராமல் நின்றால் 14408 என்ற ஊட்டச்சத்து உதவி எண், முதல்வரின் 1100, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு. பருப்பு இல்லை, டீச்சர் இல்லை என்பவற்றுக்கு மனு வேலை செய்யும். நேரத்தை ஆறு மணி வரை நீட்டுங்கள் என்ற கோரிக்கைக்கு மனு போதாது, அதற்குக் கிராம சபைத் தீர்மானமாக எழுதி, எத்தனை குழந்தைகள், தாய்மார் எந்த வேலை, ஷிப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது என்ற பட்டியலோடு அனுப்ப வேண்டும். காப்பகம் அனுமதிக்கக் குழந்தை எண்ணிக்கைதான் முதலில் கேட்கப்படும். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது.